சாவிக்கு அடங்கிய மின்சாரம்: காரின் பின்னிருக்கைக்குச் சென்ற கம்பியின் வரலாறு

பெரும்பாலான கார்களில் மின்சாரத்தின் பிறப்பிடம் முன்பகுதிதான். பேட்டரி, அதை நிரப்பும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ப்யூஸ் பெட்டி, சாவி ஆகிய நான்கும் பானெட்டுக்கு அடியிலும் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்திலும் அமைந்திருக்க, பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவருக்குக் கூரை விளக்கு ஒன்றைத் தவிர வேறெதையும் தொழிற்சாலைகள் நெடுங்காலம் தந்ததில்லை. விசிறி, பாட்டு, படிக்கும் விளக்கு, கைப்பேசி மின்னேற்றி எனப் பின்னிருக்கையின் தேவைகள் ஒவ்வொன்றாக வளர்ந்தபோது, அவற்றுக்குரிய மின்சாரத்தை முன்னாலிருந்து பின்னால் கொண்டு சேர்த்தவர்கள் ஊர்தோறும் சாலையோரத்தில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்களே. தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் வரலாறு தொழிற்சாலைகளையும் முதலாளிகளையும் பற்றிப் பேசும் அளவுக்கு இவர்களுடைய கைவினையைப் பற்றிப் பேசியதில்லை என்பதால், அதன் ஒரு சிறு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த வேலை முழுவதும் ஒரே ஒரு வேறுபாட்டின் மீது நிற்கிறது. பேட்டரியிலிருந்து நேரே வந்து, சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் தாங்கி நிற்கும் கம்பி டைரக்ட் லைன் எனப்படும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற்று, சாவியை எடுத்ததும் இறந்துவிடும் கம்பி இக்னிஷன் லைன் அல்லது கீ லைன் எனப்படும். பின்னால் பொருத்தும் கருவியை எந்தக் கம்பியோடு இணைப்பது என்பதைப் பொறுத்தே மறுநாள் காலையில் வண்டி புறப்படுவதும் புறப்படாததும் அமையும். சிறிய கார் ஒன்றின் பேட்டரி 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்று கொண்டால், ஒரு ஆம்பியர் மட்டுமே இழுக்கும் கருவி ஒன்று டைரக்ட் லைனில் இருபத்து நான்கு மணி நேரம் மறந்து விடப்பட்டாலும் அதன் பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் தீர்ந்துவிடும்; எஞ்சியதைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே பின்னிருக்கை மின்சாரத்தைச் சாவிக்கு அடங்கியதாக வைப்பது வண்டியின் உயிரைக் காக்கும் ஒழுங்காகவே தொழிலில் கருதப்பட்டது.

டைனமோவும் சாவியும்

தொடக்கக்கால மோட்டார் வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவற்றின் முன்விளக்குகள் கார்பைடிலிருந்து எழும் அசிட்டிலின் வாயுவில் எரிந்தன; எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுழற்றினார்கள்; எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியைப் பல வண்டிகளில் மேக்னெட்டோ என்னும் தனிக்கருவி பேட்டரியின் துணையின்றியே உண்டாக்கியது. 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் இடம்பெற்ற பின்னரே பேட்டரியும் டைனமோவும் காரின் நிலையான உறுப்புகளாயின. அதே 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கினார் என்பதும், அவர் நிறுவிய குழுமமே அரை நூற்றாண்டு கழித்து இந்திய வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளை உற்பத்தி செய்தது என்பதும் இவ்வரலாற்றில் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பிரிட்டனின் ஜோசப் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1961-இல் தோற்றுவித்த லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னையை அடுத்த பாடியில் டைனமோ, ஸ்டார்ட்டர் முதலியவற்றை உருவாக்கத் தொடங்கியதும், அதுவரை கப்பலில் வந்திறங்கிய லூகாஸ் முறை உள்ளூர்ச் சரக்காயிற்று.

அம்முறையை அறிய இரண்டு வண்டிகள் போதும். ஒன்று, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1950களின் இறுதியில் வெளிவந்து 2014 வரை உற்பத்தியான அம்பாசடர். மற்றொன்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காஞ்சிபுரமும் அப்போது அதே மாவட்டத்தில் இருந்தமையால், பட்டு வணிகர்களும் மருத்துவர்களும் வைத்திருந்த இத்தகைய கார்களின் பழுது பார்ப்பு அறிவு அவ்வட்டாரப் பட்டறைகளில் முறையான பாடமின்றியே பரவியது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வகை வண்டிகளின் ப்யூஸ் பெட்டியில் வேலை செய்யும் ப்யூஸ்கள் இரண்டே. ப்யூஸ் என்பது அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் தானே உருகி அறுந்து கம்பியைக் காக்கும் மெல்லிழை. ஏ1, ஏ2 என்று குறிக்கப்பட்ட முனைகளுக்கு இடையிலிருந்த ப்யூஸ், ஹாரன், உள்விளக்கு போன்ற எப்போதும் மின்சாரம் வேண்டுபவற்றைக் காத்தது. ஏ3, ஏ4 என்ற முனைகளுக்கு இடையிலிருந்தது, வைப்பர், பெட்ரோல் காட்டி, பிரேக் விளக்கு போன்ற சாவிக்கு அடங்கியவற்றைக் காத்தது. டைரக்ட் லைன், கீ லைன் என்னும் பாகுபாட்டை இந்நாட்டு எலக்ட்ரீஷியனுக்குக் கற்றுத்தந்தது இந்தச் சிறிய பெட்டியே. நான்கு முனைகளில் எதைத் தொட்டால் எந்த மின்சாரம் கிடைக்கும் என்று தெரிந்தவருக்கு, ஏ4 முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, கதவோரத்துத் தகட்டின் அடியில் செலுத்தி, இருக்கையின் கீழாகப் பின்னால் கொண்டுபோவது எளிய வேலையாயிற்று.

கம்பிகளின் நிறமும் அதே பாடத்தைச் சொன்னது. லூகாஸ் முறையில் பேட்டரியிலிருந்து ப்யூஸ் இன்றி வருவது பழுப்பு, சாவியைக் கடந்து ப்யூஸ் இன்றி வருவது வெள்ளை, சாவியையும் ப்யூஸையும் கடந்து வருவது பச்சை, ப்யூஸ் உள்ள நிலையான மின்சாரம் ஊதா, வண்டியின் உடலோடு இணையும் எர்த் கறுப்பு. ஆங்கிலம் படிக்காத ஒருவரும் வண்டியின் மின்வரைபடத்தை நிறங்களின் வழியே மனத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது என்பது இம்முறையின் பெரும் நன்மை. பின்னாளில் இத்தாலிய வழி வந்த ஃபியட்டும், 1983-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு வந்த மாருதி 800-உம் வேறு நிற ஒழுங்குகளைக் கொண்டுவந்தபோது, நிறத்தை மட்டும் நம்பியவர்கள் தடுமாறினார்கள். சிறு பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பொருத்திய டெஸ்ட் லேம்பைக் கொண்டு, சாவியைத் திருப்பியும் எடுத்தும் ஒவ்வொரு முனையையும் சோதித்துப் பார்ப்பவர்கள் தேறினார்கள்.

எர்த் என்பதிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. காரின் இரும்பு உடலே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையாக இருப்பதால், பின்னால் பொருத்தும் கருவிக்கு ஒரு கம்பி மட்டும் போதும். மறுமுனையைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் திருகினால் சுற்று நிறைவடையும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1960களில் எதிர்முனையை இணைக்கும் வழக்கம் அதன் இடத்தைப் பிடித்தது. பல்புக்கு எந்தத் திசையில் மின்சாரம் பாய்ந்தாலும் ஒன்றுதான் என்றாலும், அதே காலத்தில் பரவிய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அப்படியல்ல. முனை மாற்றி இணைத்தால் அது நொடியில் பழுதாகும் என்பதால், வண்டி எந்த எர்த் முறையைச் சேர்ந்தது என்று முதலில் பார்ப்பது தொழிலின் கட்டாயப் பழக்கமாயிற்று.

ஊர்வலமும் பாட்டும்

டைனமோ காலத்தின் கண்டிப்பு இன்றைய தலைமுறைக்கு எளிதில் விளங்காது. அக்காலத்து லூகாஸ் டைனமோ முழுவேகத்தில் சுழன்றாலும் ஏறத்தாழ 20 ஆம்பியர் மட்டுமே தரும். முன்விளக்குகள் இரண்டும் எரிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ அது பேட்டரிக்கு எதுவும் தராது. பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதவாறு கட்-அவுட் என்னும் கருவி தொடர்பைத் துண்டித்துவிடும். திருமணத்துக்கு முந்திய மாலையில் மாப்பிள்ளையைத் திறந்த காரில் அமர்த்தி நடைவேகத்தில் அழைத்துவரும் ஜானவாச ஊர்வலங்களில், வெளிச்சத்துக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்குவோரையும் பின்னர் ஜெனரேட்டர் வண்டியையும் நாட வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆடம்பரமான பெரிய கார்கூட அந்த நடையில் தன் பின்னிருக்கையை ஒளியூட்டும் மின்சாரத்தைத் தானே தோற்றுவிக்க இயலாது. மெதுவான ஓட்டத்திலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பரவிய பிறகே பின்னிருக்கைக்குத் தாராளமாக மின்சாரம் ஒதுக்க முடிந்தது.

பாட்டின் வரலாறும் இதை ஒட்டியே நகர்ந்தது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் மோட்டோரோலா கார் ரேடியோ 1930-இல் வெளிவந்தது. இந்தியாவில் 1980களின் நடுப்பகுதி வரை வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தமையால் காரில் ரேடியோ வைப்பது வசதியுள்ளவர்களின் வழக்கமாகவே இருந்தது. டேப்ரிகார்டர் வந்தபின் அந்நிலை மாறியது. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வாங்கிய டேப்ரிகார்டரும், பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் பதிக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் அம்பாசடர், ஃபியட் வண்டிகளின் பொது அடையாளமாயின. ரேடியோவுக்காகவே சாவியில் தனிநிலை ஒன்று பிற்கால வண்டிகளில் வந்தது. எஞ்சினின் பற்றவைப்புச் சுற்றை உயிர்ப்பிக்காமல் பாட்டு, மின்னேற்றி போன்ற துணைக்கருவிகளுக்கு மட்டும் மின்சாரம் தருவதே ஏசிசி எனக் குறிக்கப்படும் அந்த முதல் திருப்பம். செல்ஃப் இழுக்கும் நொடியில் அந்த லைன் தற்காலிகமாக அணைந்துவிடும். பேட்டரியின் முழுவலிமையும் எஞ்சினுக்குச் சேரவும், அந்நேரத்து மின்னழுத்தத் தாழ்வு நுண்கருவிகளைத் தாக்காதிருக்கவும் அவ்வாறு வகுத்தார்கள்.

பேருந்துகளிலும் லாரிகளிலும் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவை 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் இயங்குபவை; கடையில் கிடைத்த டேப்ரிகார்டர்களோ பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கு உரியவை. இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலிருந்து ஒரு கம்பியை எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும் என்பதால் பல வண்டிகளில் அவ்வாறே செய்தார்கள். அதன் விளைவு மெல்லத்தான் தெரியும். பாட்டுக்கு மின்சாரம் தரும் பேட்டரி நாளடைவில் குறைநிரம்பலில் நலிய, மற்றது மிகைநிரம்பலில் நீர் வற்றிக் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தரும் மாற்றிகள் பரவியபின் இப்பழக்கம் குறைந்தாலும், குறுக்குவழியின் விலையைப் பின்னர்க் கட்ட நேரும் என்னும் அறிவைத் தொழிலுக்கு ஊட்டியவை அந்தப் பேட்டரிகளே.

ஓரிக்கைச் சாலையின் வண்டிகள்

இத்தொழிலறிவு கைமாறிய விதத்தைக் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே காணலாம். காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் அமைந்த ஓரிக்கை, இன்று காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இங்கு இருப்பதால் பேருந்துத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. பெரும் பணிமனைகளில் மெக்கானிக், டின்கர், எலக்ட்ரீஷியன் எனப் பிரிவுகள் தனித்தனியே இயங்குவதும், கருவிகளும் முறைகளும் பதிவேடுகளால் கட்டுப்படுவதும் வழக்கம். சாலையோரப் பட்டறையில் அதே அறிவு ஒரு மூத்தவரிடமிருந்து உடனிருக்கும் பையனுக்குக் கண்ணாலும் கையாலும் கடத்தப்பட்டது. ஒயரைச் சீவுவது, இணைப்பை முறுக்கி ஈயம் வைப்பது, டேப் சுற்றுவது, தகட்டின் கூர்விளிம்பில் உராயும் இடத்தில் ரப்பர் வளையம் இடுவது எனப் படிப்படியாகக் கற்றவரே பின்னர்த் தனிக்கடை வைத்தார்.

இவ்வட்டாரத்தின் வண்டிப் பயன்பாட்டை மாற்றியவை தொழிற்சாலைகள். ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது; ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், அதைத் தொடர்ந்து டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகளும் உற்பத்தியைத் தொடங்கின. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உட்பகுதிகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிச் செல்ல வேன்களும் சிற்றுந்துகளும் வாடகைக் கார்களும் பெருகியபோது, பின்னிருக்கை முதன்முறையாகப் பணியிடத்தின் நீட்சியாயிற்று. இரவுப் பணி முடித்துத் திரும்புபவருக்கு விளக்கும், நெடுநேரப் பயணத்துக்குப் பின்வரிசை ஏசி விசிறியும், 2000-க்குப் பின் எல்லோர் கையிலும் வந்துவிட்ட கைப்பேசிக்கு மின்னேற்றியும் தேவைப்பட்டன. அமெரிக்கக் கார்களில் 1920களிலேயே இடம்பெறத் தொடங்கிய சிகரெட் பற்றவைப்பி, புகைப்பழக்கத்தோடு தொடர்பிழந்து 12 வோல்ட் மின்செருகியாக உலகெங்கும் நிலைத்துவிட்டிருந்தது. அதே குழியைப் பின்னிருக்கைக்கும் அமைத்துத் தருவது பட்டறைகளின் அன்றாட வேலையாயிற்று.

பளு கூடியதும் பழைய முறை போதாமல் போயிற்று. மின்செருகி ஒன்று 120 வாட் வரை இழுக்கலாம் என்றால் அது 10 ஆம்பியர். அதைச் சாவி சுவிட்சின் வழியாகவே செலுத்தினால் அதன் தொடுமுனைகள் சூடேறித் தேயும். இதற்குத் தீர்வாகப் பரவியது ரிலே. மிகச் சிறிய மின்சாரம் ஒரு சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய மின்சாரத்துக்கான தொடுமுனையை இழுத்து மூடும் கருவி அது. ஜெர்மானியத் தரமுறைப்படி அதன் முனைகள் எண்களால் குறிக்கப்படுகின்றன: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 கருவிக்குச் செல்வது, 85-உம் 86-உம் சுருளின் இரு நுனிகள். இவ்வாறு டைரக்ட் லைனின் வலிமையும் கீ லைனின் கட்டுப்பாடும் ஒரே கருவியில் இணைந்தன. கால் ஆம்பியரையும் எட்டாத மின்சாரத்தைச் சாவி ஆள, அதன் கட்டளைப்படி பேட்டரியின் நேர்மின்சாரம் பின்னால் சென்றது.

இங்கே கம்பியின் தடிமனும் கணக்குக்கு வந்தது. நான்கு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் கொண்ட செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்து வெப்பமாகும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் கீழ். மெல்லிய கம்பியைக் கம்பளத்துக்கு அடியில் இழுப்பதன் ஆபத்து இதுதான். அதைவிடப் பெரிய தவறு ப்யூஸைப் பின்னால், கருவிக்கு அருகில் வைப்பது. இருக்கையின் தண்டவாளத்தில் நசுங்கியோ தகட்டில் உராய்ந்தோ கம்பி வழியில் உடலைத் தொட்டால், அந்த இடத்துக்கு முன்னே ப்யூஸ் இல்லாத கம்பி முழுவதும் பழுக்கக் காய்ந்து வண்டிக்கே தீ வைக்கும். எனவே ப்யூஸ் காக்க வேண்டியது கருவியை மட்டுமன்று, கம்பியையும்தான் என்பதும், அதன் இடம் பேட்டரியை ஒட்டிய முனையே என்பதும் இத்தொழிலின் தலையாய விதியாக நிலைபெற்றன. 1970களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றி, 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை என நிறத்தாலேயே அளவைச் சொல்லும் தகட்டு ப்யூஸ், கண்ணாடிக் குழாய் ப்யூஸையும் ஃபியட்டின் பீங்கான் ப்யூஸையும் அகற்றிப் பரவியதும் இவ்விதியை எளிதாக்கியது.

சட்டமும் கணினியும்

பட்டறையின் விருப்பவேலையாக இருந்த பின்புற மின்சாரத்தைச் சட்டமே கேட்கும் காலம் அண்மையில் வந்தது. நடுவண் மோட்டார் வாகன விதிகளில் 2016-இல் சேர்க்கப்பட்ட 125எச் விதி, பொதுப் பயணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியையும் பயணியின் கைக்கெட்டும் அவசரப் பொத்தானையும் கோரியது. புதிய வாகனங்களுக்கு 2019 சனவரி முதல் அது நடைமுறையாயிற்று. வண்டி நின்றிருக்கும்போதும் இயங்குவதற்கு டைரக்ட் லைன், வண்டி ஓட்டத்தில் உள்ளதா என்று அறிவதற்குக் கீ லைன், இரண்டுக்கும் பொதுவாக எர்த் என அக்கருவி பழைய பாகுபாட்டின் இரு பக்கங்களையும் ஒருசேரக் கேட்கிறது. 2019 சூலை முதல் புதிய கார்களில் கட்டாயமான பின்னோக்கு உணரிகளோ மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டும் அவை உயிர்பெற வேண்டும். பழைய கார்களில் இவற்றைப் பொருத்தும் பட்டறைகள் ரிவர்ஸ் விளக்கின் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பது வழக்கம்.

இன்றைய கார்களில் இவ்வாறு கம்பியைச் சீவி இணைப்பதற்கு எல்லை வந்துவிட்டது. விளக்குகளையும் கதவுகளையும் கட்டுப்படுத்தும் கணினிப்பெட்டிகள், போஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய கேன் என்னும் செய்திவழித்தடத்தில் ஒன்றோடொன்று பேசுகின்றன. பார்வைக்குச் சாதாரணக் கம்பியாகத் தோன்றுவது மின்சாரத்தை விடுத்துச் செய்தியைத் தாங்கிச் செல்வதாகவும் இருக்கலாம். விளக்குக் கம்பியில் கூடுதல் பளுவை இணைத்தால் கணினி அதைப் பழுதெனக் கருதி அந்தச் சுற்றையே அணைத்துவிடலாம். பேட்டரியின் எதிர்முனையில் மின்சாரத்தை அளக்கும் உணரி அமைந்த வண்டிகளில், புதிய கருவியின் எர்த்தை அம்முனையில் நேரே இணைத்தால் கணக்குத் தவறும் என்பதால் உடல்தகட்டிலேயே இணைக்க வேண்டும். ப்யூஸ் பெட்டியில் இருக்கும் கீ லைன் ப்யூஸ் ஒன்றின் இடத்தில், கூடுதல் ப்யூஸ் தாங்கும் இணைப்பியைச் செருகி அங்கிருந்து மின்சாரம் எடுக்கும் முறை, எந்தக் கம்பியையும் வெட்டாமல் அதே பழைய ஒழுங்கைக் காக்கிறது. ஏ4 முனையிலிருந்து கம்பி எடுத்தவரின் அறிவும் இன்று ப்யூஸ் பெட்டியில் இணைப்பியைச் செருகுபவரின் அறிவும் ஒன்றே. தொடும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. மின்கார்களிலும் விளக்கு, பூட்டு, மின்செருகி ஆகியவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி தனியே தொடர்வதால் இவ்வறிவின் தேவை அவற்றோடு முடிந்துவிடுவதில்லை.

அறுபது ஆண்டுகளாக வாய்மொழியில் வாழும் இத்தொழிலறிவு, வண்டி கைமாறும்போதெல்லாம் ஒரு பெருங்குறையைச் சந்திக்கிறது: முன்னவர் இழுத்த கம்பி எங்கிருந்து புறப்பட்டது என்பது பின்னவருக்குத் தெரிவதில்லை. இருக்கையைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கித் தேடும் வேலையிலேயே பாதிநாள் கழிகிறது. தேடிக் கிடைக்காத கம்பிக்கு மேல் இன்னொரு கம்பி இழுக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று ப்யூஸ் இல்லாததாகவும் இருந்துவிடுகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து வரும் இளைஞர்களும் பட்டறையில் வளர்ந்தவர்களும் ஒன்றுபோலக் கடைப்பிடிக்கத்தக்க ஒரு சிறு மரபு இதற்குப் போதும்: பின்னால் கொண்டு சென்ற ஒவ்வொரு லைனுக்கும், அது டைரக்டா கீயா, எந்த ப்யூஸிலிருந்து புறப்படுகிறது, எத்தனை ஆம்பியர், கம்பியின் பருமனும் நிறமும் என்ன, எந்த இடத்தில் எர்த் என்பவற்றைத் தமிழில் எழுதி ப்யூஸ் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுவது. தொழிற்சாலை தான் இட்ட கம்பிகளுக்கு அந்த மூடியில் அட்டவணை தருகிறது. பட்டறை இட்ட கம்பிக்கும் அதே மதிப்பு உண்டு என்று தொழில் தன்னைப் பற்றித் தானே கருதத் தொடங்கினால், அடுத்து அந்த மூடியைத் திறக்கும் கை பாதுகாப்பாக வேலை செய்யும்.